ஸ்கூட்டர் கண்ணாடியில் ஒரு தேன்சிட்டு

பங்குனி வெயில் உச்சியில் நின்ற நேரம். செம்பருத்திச் செடியில் தொங்கிய கூட்டில், கண் திறவாத குஞ்சுகளுடன் பெண் தேன்சிட்டு காத்திருந்தது. இரை தேடப் புறப்பட்ட ஆண் சிட்டோ, அருகில் நின்ற ஸ்கூட்டரின் கண்ணாடி முன் அமர்ந்து, தன் நீலக் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தது.

“மகாராஜா, குஞ்சுகள் பசியில் கத்துகின்றன. ஒரு சிலந்தியாவது கொண்டுவரக் கூடாதா?”

“பொறு. இந்த வெயிலில் என் கழுத்து ஊதாவாக மின்னுகிறது, பார்த்தாயா?”

“காலையிலிருந்து உங்கள் முதுகைத்தான் பார்க்கிறேன்.”

அப்போது கண்ணாடியின் ஓரத்தில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. தன் அழகைக் கெடுக்கும் அழுக்கென்று எண்ணிய சிட்டு, அதை அலகால் தேய்த்தது. அழுக்கு நகர்ந்தது. கூட்டை நெருங்கும் காகம் அது! அதன் எதிரே, வாசலை அடைத்துச் சிறகு விரித்து நின்றாள் மனைவி. இத்தனை நாள் பார்த்த கண்ணாடியில் சிட்டு அவளைக் கண்டது அதுவே முதல்முறை.

“எத்தனை அழகு!” என்றது சிட்டு. கழுத்தைத் திருப்பவில்லை, நேரே காகத்தின் முகத்தில் பாய்ந்தது. காகம் கொத்தக் கொத்த விடாமல் மோதி, கடைசியில் அதைத் துரத்தியும் விட்டது.

“என் கழுத்து எப்படி இருக்கிறது?” என்று மூச்சிரைக்கக் கேட்டது.

“பாதி வழுக்கை. முதலில் சிலந்தி.”

கழுத்தின் நீல இறகுகளைச் சிட்டு அந்த நண்பகலிலேயே காகத்திடம் பறிகொடுத்துவிட்டது. மனைவியோ, தரவேண்டிய பாராட்டைச் சில நாள் கழித்து, குஞ்சுகள் கண் திறந்த காலையில்தான் மனமாரத் தந்தாள். அலகில் சிலந்தி இருந்ததால் சிட்டால் பதில் சொல்ல முடியவில்லை.