மூன்று நிறத்து மாப்பிள்ளை

ஒரு நெல் மில்லில் மூவண்ணன் என்றோர் ஆண் பூனை இருந்தது. வெள்ளை, கறுப்பு, செம்பட்டை என்று மூன்று நிறமும் அதற்கு இருந்ததால், ராசி என்று முதலாளி அதைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் மெஷினையே ஓட்டுவார். அதன் மனைவி சாம்பலிக்கோ, குட்டி இல்லை என்று தினமும் ஏச்சு.

"மலடி, கிளம்படி வெளியே! என் பிள்ளைக்கு வேறு பெண் வந்தாயிற்று," என்றது மாமியார்ப் பூனை. தவிட்டு மூட்டை ஓரமாகப் புதுப்பெண் நின்றிருந்தது.

சாம்பலிக்கு முதுகு மயிர் சிலிர்த்தது. "ஊசி போடப் போன அன்று நாங்கள் இருவரும் ஒரே கூடையில்தான் இருந்தோம், அத்தை. டாக்டர் என்ன சொன்னார் என்று உங்கள் பிள்ளையையே கேளுங்கள்."

மூவண்ணன் வாலை நக்கிக்கொண்டிருந்தது.

"இவர் சொல்ல மாட்டார், நானே சொல்கிறேன். ஆண் பூனைக்கு மூன்று நிறம் வருவதே அபூர்வமாம். பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாம். அதனால்தான் இந்த நிறம். அதனால்தான் விந்தணுவும் உண்டாகவில்லையாம். அது இவர் குற்றமில்லை. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு என்னை ஏச விட்டாரே, அதுதான் குற்றம்!"

"மெல்லப் பேசடி," என்று பல்லைக் கடித்தது மாமியார். "எனக்கு மட்டும் தெரியாதா? வெளியே தெரிந்தால் இவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?"

"கேட்டாயா, தங்கச்சி?" என்று உரக்கக் கேட்டது சாம்பலி.

புதுப்பெண் மூவண்ணனின் மூக்கில் பளாரென்று ஓர் அறை வைத்துவிட்டு, சாம்பலிக்கும் முந்தி மதிலைத் தாண்டியது.