ஏழாவது கூழாங்கல்

செங்கோட்டையன், மேஸ்திரி காளியப்பனுக்குத் தரவேண்டியது மூன்று ரூபாய் ஆறணா. அந்தக் கடனோடுதான் இப்போது வெள்ளைக்கல் சுரங்கத்துக்குள் இறங்கும் பாதையை மறித்துக்கொண்டு நிற்கிறான். வெடிமருந்து அடைத்த ஏழு குழிகளுக்குத் திரி கொளுத்திவிட்டு மேலே ஏறி வந்தவன் அவன். ஒவ்வொரு வேட்டுக்கும் ஒரு கூழாங்கல்லை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினான். இடக்கையில் இன்னும் ஒன்று இருக்கிறது. எனக்குப் பின்னால் கல் சுமக்கும் மற்றப் பெண்களும் கூடையோடு காத்திருக்கிறார்கள். வெயிலில் பள்ளத்தின் வெண்மை கண்ணைக் குத்துகிறது. அடியில் புகை அசையாமல் கிடக்கிறது.

“ரெண்டு ஒண்ணாச் சேந்து வெடிச்சிருக்குமடா. ஆளுகள எறக்கு, தொரை வார நேரம்,” என்கிறார் மேஸ்திரி.

“ஆறுதானுங்க கேட்டுது.”

“அப்ப எம் பணத்த இங்கயே வெய்யி. வெச்சுப்போட்டு நில்லு.”

அவன் குனிந்து இடக்கையைப் பார்க்கிறான். நகரவில்லை.

“ஏனுங்க மேஸ்திரி, அத்தன அவசரமுன்னா நீங்க முன்னால போங்க, நாங்க பொறகால வாரோம்,” என்கிறாள் எனக்குப் பின்னால் நிற்கும் அத்தாயி. யாரோ சிரித்து அடக்கிக்கொள்கிறார்கள். மேஸ்திரியின் முகம் கறுக்கிறது. செங்கோட்டையனைத் தள்ளிவிட்டு விடுவிடுவென்று இறங்குகிறார். நாலாவது எட்டில் செங்கோட்டையன் பாய்ந்து அவர் இடுப்புத் துண்டைப் பிடித்து இழுக்கிறான். இருவரும் சாய்கிறார்கள்.

பள்ளம் அதிர்கிறது. நாங்கள் கவிழ்த்துப் பிடித்த கூடைகளின்மேல் கல் பொழிகிறது.

தூசி அடங்கும்போது இருவரும் சுண்ணாம்பு பூசியதுபோல உட்கார்ந்திருக்கிறார்கள். செங்கோட்டையன் ஏழாவது கல்லை வலக்கைக்கு மாற்றுகிறான். மேஸ்திரி அந்தக் கல்லையே பார்க்கிறார்.

“அந்த மூணு ரூவா ஆறணா… அத உட்டுரு சாமி.”