துணைக்கு ஆளில்லாத படகு

“தன்னந்தனியாப் போனாருன்னு அச்சுல போட்டிருக்கான் தம்பி. நீங்க கூடப் போனேங்கிறீங்க. ரெண்டுல ஒண்ணுதானே நெசமா இருக்கணும்?”

தலைமையாசிரியர் ரத்தினவேல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பரீட்சையில் காப்பியடித்தவனைப் பார்ப்பதுபோல நாகராசுவைப் பார்த்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் இப்படியொரு பரீட்சையா? கூட வந்த தாய்மாமன் வீரய்யா, வாயில் போட்ட பணியாரத்தை மெல்லவும் பயந்து கன்னத்தில் அடக்கிக்கொண்டார்.

விஷயம் இதுதான். வெள்ளைக்காரத் துரை ஒருவரின் சின்னப் பாய்மரப் படகில் சமையல்காரனாக ஏறி, சிங்கப்பூரிலிருந்து பூமத்திய ரேகையைத் தாண்டி ஆஸ்திரேலியா வரை போனவன் நாகராசு. ஊருக்குத் திரும்பி, புதுக்கோட்டையில் சாப்பாட்டுக் கடை வைத்து மூன்று வருடமாகிறது. ரத்தினவேலின் மடியில் இருந்ததோ பள்ளிக்கூடத்து அலமாரியிலிருந்து எடுத்துவந்த ஆங்கிலப் பத்திரிகை, 1955-ஆம் வருடத்தது. அதே துரை, அதே படகு. ஆனால் ‘துணைக்கு ஒருவருமின்றி’ என்று தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் இருந்தது.

“சமையல் வேலைன்னு எனக்கு ஒண்ணும் குறையில்லை. பொய்தான் ஆகாது. தாயில்லாப் புள்ளை. பதினேழு வருசமாத் தனி ஆளா வளர்த்திருக்கேன். ஒரு புளுகனுக்குக் குடுக்க மாட்டேன்.”

மகள் செவந்திக்கு ஐந்து வயதில் தாய் போனாள். இன்று ஆசிரியப் பயிற்சி முடித்து நிற்கிறாள். அம்மை வார்த்தபோது கண்விழித்தது, தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டியது... தனி ஆளாக எப்படித்தான் சமாளித்தோமோ என்று அவருக்கே சில நேரம் மலைப்பாக இருக்கும்.

உள்ளேயிருந்து காப்பி வந்தது. திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த செவந்தியின் முகம் வாடிவிட்டது அவருக்குத் தெரியாமலில்லை. ஆறு மாப்பிள்ளைகளை வேண்டாமென்றவள், இவனைக் கண்டதும் ரிப்பனைச் சரிசெய்துகொண்டாள். அதற்காக விசாரிக்காமல் விட்டுவிட முடியுமா?

“சரி, பூமத்திய ரேகையில என்ன பார்த்தீங்க?”

“ஒண்ணும் பார்க்கலைங்க. கோடு கீடு எதுவும் இல்லை. அன்னைக்குத்தான் புளி தீர்ந்து போச்சு.”

“புளியா?”

“ஆமாங்க. அந்தப் பக்கம் காத்தே கெடையாது. பாய் தொங்கிப்போயி, ஒன்பது நாளு ஒரே எடத்துல கெடந்தோம். துரை ரசம் இல்லாமத் தூங்க மாட்டாரு. ரேகையைத் தாண்டினதும் ஒரு வாளி உப்புத்தண்ணியை எந்தலையில ஊத்தினாரு. மொதத் தடவை தாண்டுறவனுக்கு அதுதான் மொறையாம். பாதித் தண்ணி சோத்துப் பானையில விழுந்திருச்சு.”

வீரய்யா சிரிக்கப் போய், பணியாரம் தொண்டையில் சிக்கி இருமினார். உள்ளேயிருந்து ஒரு செம்புத் தண்ணீர் வந்தது.

“கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா, ‘நாற்பது நாள் மனித முகத்தையே பார்க்கவில்லை’ன்னு துரை சொல்லியிருக்காரே! அச்சுல வந்தது பொய்யாகுமா?” ரத்தினவேல் பத்திரிகையை மகளிடம் நீட்டினார். “நீயே பாரும்மா. நடுக்கடல்ல, படகுல அவர் ஒருத்தர்தான் நிக்கிறாரு.”

செவந்தி படத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து நாகராசுவைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். அவள் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

“ஏம்ப்பா, அங்கிட்டு அவர் தனியா நிக்கிறாருன்னா, இங்கிட்டு நின்னு படம் புடிச்சது யாரு, சுறாமீனா?”

ரத்தினவேலின் கண்ணாடி நெற்றியிலிருந்து தானாக மூக்குக்கு இறங்கியது. பத்திரிகையைப் பிடுங்கிப் பார்த்தார். துரையின் தொப்பி பாதி வெட்டுப்பட்டிருந்தது. படத்தின் நட்டநடுவில், முழுசாக, பளபளவென்று ஒரு குழம்புச் சட்டி.

நாகராசு எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான். “ஐயய்யோ, தொப்பி போச்சே! சட்டி மட்டும் நல்லா விழுந்திருக்குங்க.”

வீரய்யா தைரியமாகப் பணியாரத்தை விழுங்கினார்.

“அப்போ அந்தத் துரைதான் பொய்யனா?” ரத்தினவேலுக்கு ரோஷம் பொங்கியது.

“அப்படிச் சொல்லாதீங்க. நல்ல மனுசருங்க. மனசறிஞ்சு பொய் சொல்ல மாட்டாரு. தனியாப் போனோம்னு அவரு நெசமாவே நம்பினாரு. அடுப்படியில கெடக்குறவனை ஒரு ஆளா எண்ணத் தோணலை, அம்புட்டுத்தான்.”

“அதெப்படித் தோணாமப் போகும்?” ரத்தினவேல் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். “வேளாவேளைக்குப் பொங்கிப் போட்டுக் கூடவே கெடந்த ஒரு ஜீவன் கண்ணுக்குத் தெரியாதா? இப்படியும் ஒரு மனுசன் இருப்பானா? செவந்தி, இந்தத் தம்பிக்குத்தான் உன்னைக் குடுக்கப் போறேன். இன்னும் ரெண்டு பணியாரம் வரட்டும்!”

பணியாரத் தட்டோடு நிலைப்படி தாண்டி வந்து நின்றாள், பதினேழு வருடத்துக்கு முன் அண்ணி செத்த அன்று இந்த வீட்டு அடுப்படிக்குள் போன அவருடைய தங்கை முத்துமாரியம்மாள்.

“இருப்பாருண்ணே” என்றாள். “எங்க செவந்தியைக்கூட ஒருத்தர் தனி ஆளாத்தான் வளர்த்தாரு.”