எசுமன் வீட்டுக் கரும்பலகை

"தொண்ணூறு வருஷத்துச் சாக்பீஸ் விரல்ல ஒட்டுமாய்யா?"

அறக்கட்டளைத் தலைவர் குவைனூ, வெள்ளை படிந்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார். நான் அங்கே டிக்கெட் கிழிக்கிறவன். எனக்கென்ன தெரியும்?

எங்கள் கடலோர ஊரான சால்ட்பாண்டில் மீனவப் பிள்ளைகளுக்கு முதன்முதலில் பள்ளிக்கூடம் வைத்த வாத்தியார் எசுமனின் வீடு அது. சாவதற்கு முதல் நாள் அவர் எழுதிய பாடம் கரும்பலகையில் அப்படியே இருக்கும். அதைப் பார்க்கத்தான் கூட்டமே வரும்.

தலைவர், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அராபாவைக் கூப்பிட்டார்.

"நான்தான் அழிச்சேன் ஐயா. பழையபடியே எழுதியும் வெச்சிட்டேன்."

"எத்தனை தடவை?"

"செவ்வாய்க்குச் செவ்வாய்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செவ்வாய் கடலுக்கு ஓய்வு நாள். ஒரு படகும் இறங்காது, ஊரே கரையில்தான் கிடக்கும். அன்றைக்கு வீட்டையும் பூட்டிவிடுவோம். பூட்டின வீட்டில் இவளுக்கு என்ன வேலை?

"யாரைக் கூட்டிட்டு வந்து கூத்தடிக்கிறே?"

அராபா மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"ஒரே ஒரு பேரைச் சொல்லு. வேலை உனக்கே."

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன் ஐயா. வெளிய தெரிஞ்சா அவங்களுக்கு அசிங்கம்."

"மூணு பிள்ளை வெச்சிருக்கே. யோசிச்சுப் பேசு."

அவள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கே எரிச்சலாக வந்தது. சோற்றைத் தட்டிவிட்டுக் கொள்கிற அளவுக்கு அப்படி என்ன வீம்பு?

தலைவர் ஒரு தாளில் விறுவிறுவென்று எழுதினார். எங்கள் பக்கத்துப் பெரிய மனிதர்கள் கசப்பான சேதியை நேரே சொல்ல மாட்டார்கள். நடுவில் ஓர் ஆள் வேண்டும். வாசலில் நின்ற தன் டிரைவர் எபோவைக் கூப்பிட்டார்.

தாளை மடிக்கக்கூட இல்லை. "இவனுக்கு எழுத்து வாசனையே கிடையாது" என்றார் என்னிடம்.

எபோ தாளை வாங்கினான். அங்கேயே நின்றான். உதடு மெல்ல அசைந்தது.

"குடுடா அவகிட்ட."

"முடியாது ஐயா. நாளையிலேருந்து அராபாக்கா வேலைக்கு வர வேணாம்னு எழுதியிருக்கீங்க."

தலைவர் தாளைப் பிடுங்கித் தன் எழுத்தையே ஒருமுறை பார்த்தார்.

"உனக்கு எப்படா படிக்க வந்துச்சு?"

"அந்தப் பலகையிலதான் ஐயா, செவ்வாய்க்குச் செவ்வாய். நீங்க கேட்ட பேர்ல ஒண்ணு என்னோடது."