உதைக்கு முந்தைய அமைதி

டப்ளின் ரக்பி மைதானத்தின் விளக்கொளியில் நவம்பர் தூறல் ஊசி ஊசியாய் இறங்குகிறது. ஃபிஜி அணிக்குப் பெனால்டி. மெரயோனியின் தம்பி இலைசா பந்தைச் சின்னத் தாங்கியில் நிமிர்த்தி வைக்கிறான். சற்றுமுன் ஓர் ஐரிஷ்காரன் தோளால் தலையில் இடித்ததில் பொத்தென்று விழுந்து, தானாகவே எழுந்து வந்தவன். “உன் தம்பியாச்சேன்னுதான் சாபம் விடாம இருக்கேன்,” என்கிறார், டிக்கெட் எடுத்து அவளைக் கூட்டிவந்த பக்கத்து வீட்டுக் கோர்மக். “இப்ப வாயத் தொறந்துடாதம்மா. பரம எதிரி உதைச்சாலும் எங்க ஊர்ல மூச்சு விட மாட்டோம்.” அதற்குள் மொத்தக் கூட்டமும் அடங்கிவிடுகிறது. எங்கோ ஒரு இருமல். கொடிக்கயிறு கம்பத்தில் தட்டுகிறது. அவள் மடியில் உருளை வறுவல் நனைந்து தொய்கிறது. இலைசா பின்னால் நகர்கிறான். கடற்கரையில் தேங்காய் மட்டையை உதைத்த நாளிலிருந்தே அவனுக்கு இடதுகால்தான். எப்போதும் பந்துக்கு வலப்பக்கம் விலகி நிற்பான். இன்று இடப்பக்கம் போய் நிற்கிறான். குனிந்து தன் கால்களை மாறி மாறிப் பார்க்கிறான். நிதானமாகக் குறி பார்க்கிறான் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மெரயோனி எழுந்துவிடுகிறாள். “இலைசா! உதைக்காதடா, உக்காரு! இலைசா!” உஷ்ஷென்று வரிசை வரிசையாகச் சீறுகிறார்கள். கோர்மக் முகம் சிவந்து அவள் கோட்டைப் பிடித்து இழுக்கிறார். அந்த அமைதியில் அவள் குரல் புல்வெளியின் நடுவரைக்கும் போகிறது. இலைசா தலை நிமிர்கிறான். பிறகு, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல, தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறான்.