நடு முள்

ஆதிகேசவன் ஒரு தோல் துண்டில் எட்டு முள்ளைக் குத்தி நூல் சுற்றிக்கொண்டிருந்தான். முள் ஒவ்வொன்றும் போக வேண்டிய ஓர் இடம். ஆம்பூர்த் தோல் மண்டியில் கிளம்பி, தோல் பதனிடும் ஆவாரம் பட்டையை ஊர் ஊராக வாங்கிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் மண்டிக்கே நடந்து திரும்ப வேண்டும்.

"இன்னா, இன்னும் முடியலையா?" என்றாள் மனைவி சுந்தரி, கஞ்சியை ஆற்றியபடி.

"கிட்ட இருக்கிற ஊருக்கே மொதல்ல போய்ப் பார்த்தேன். கடைசி ஊர்லேர்ந்து திரும்பற தூரம் ஜாஸ்தியாய்டுது. நூல் குறுக்க வெட்டற எடத்தையெல்லாம் மாத்திச் சுத்தினேன். அப்பவும் பதினாலு மைல்."

"கால் வுட்டுப் போயிடும்."

"ஒரு வழி இருக்குது. மத்தியானம் இந்த நடு முள்ளுக்கு வந்துட்டுப் போறதாலதான் இவ்ளோ சுத்து. இதப் புடுங்கிட்டா நாலு மைல் கம்மி."

"அங்கயும் போய்த்தான் ஆவணும்."

"அங்க இன்னா இருக்குது? ஒரு கைப்பிடி பட்டை தேறுமா?" அவன் முள்ளைப் பிடுங்கிவிட்டான்.

சுந்தரி கஞ்சியைப் புகட்டினாள். பட்டை வண்டி இடுப்பில் ஏறிய நாளிலிருந்து எழுந்திருக்க முடியாதவனை மெல்லப் புரட்டி, முதுகுப் புண்ணைத் துடைத்தாள். பிறகு அவன் விரலிடுக்கிலிருந்த முள்ளை வாங்கி, தங்கள் குடிசைக்கென்று அவன் குத்தியிருந்த அதே ஓட்டையில் திரும்பக் குத்தினாள்.

"மத்தியானம் வந்து அந்தப் பக்கமா திருப்பிப் படுக்க வெக்கிறேன்."

கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவள் தெருவில் இறங்கினாள்.