அறுபதில் நின்ற முள்

யாருக்குச் செய்தாலும் சின்ன உதவி வீண்போகாது என்று மெக்கானிக் மனதார நம்பினார். அக்காவின் பழைய காரில் ஸ்பீடோமீட்டர் முள் ஒட்டிக்கொள்கிறது என்றதும், கடவுளைக் கும்பிட்டுவிட்டு வேலையில் இறங்கினார். கேபிளைக் கழற்றினார். கண்ணாடியை எடுத்தார். நிற்கிற வண்டியில் முள் அறுபதைக் காட்டியது.

“உங்க மாமா மாதிரியேடா. உட்கார்ந்த இடத்துலயே ஊரைச் சுத்துது,” என்றார் அக்கா.

போன் அடித்தது. லாரி ஓட்டும் அக்கா மகன். வெகுநாள் கழித்து இன்று வீட்டுக்கு வருகிறான். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

“பக்கத்துல வந்துட்டேம்மா. இரு, ஸ்பீட் பிரேக்கர்.”

முள் இருபதுக்கு இறங்கியது.

“தாண்டிட்டேன். மாமா, அம்மா வண்டியைச் சீக்கிரம் முடிங்க. பசிக்குது.”

முள் மறுபடி அறுபதுக்கு ஏறியது.

“இதோ முடிஞ்சுது மாப்பிள்ளை,” என்று சிரித்தபடி, ஒட்டிய முள்ளை எல்லா மெக்கானிக்கும் செய்வதுபோல் விரல்நுனியால் பூஜ்யத்துக்குத் தள்ளி அழுத்தினார்.

போனில் நீண்ட ஹாரன் சத்தம் நெருங்கி வந்தது. பிறகு லைன் அறுந்தது.

“சிக்னல் இல்ல போல,” என்றார் அக்கா.

மெக்கானிக் விரலை எடுத்தார். முள் ஏறவில்லை. அவரே அதை அறுபதுக்கு நகர்த்தினார். விட்டதும் விழுந்தது. மறுபடி நகர்த்தி, அப்படியே பிடித்துக்கொண்டார்.

“அதான் சரியாயிடுச்சேடா, இன்னும் என்ன நோண்டுற? கையைக் கழுவிட்டு வா. அவன் வந்ததும் சேர்ந்து சாப்பிடலாம்.”

அவர் கையை எடுக்கவில்லை.